பால் பத்தலையா? ஈரத்துணியையும் தராசையும் கேளுங்கள்

சாயங்காலம் ஆறு மணி ஆனால் போதும், என் மூத்தவன் ஆரம்பித்துவிடுவான். பிறந்து பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது. மார்பில் போட்டால் பத்து நிமிடம் குடிப்பான். தோளில் போட்டுத் தட்டினால் ஏப்பம் விடுவான். கீழே கிடத்திய அடுத்த நொடி வீல் என்று கத்துவான். தூக்கினால் குருவிக்குஞ்சு மாதிரி வாயைத் திறந்துகொண்டு மறுபடி மார்பைத் தேடுவான். இப்படியே ராத்திரி பத்து, பத்தரை வரை ஓடும். நான் அப்போது அம்மா வீட்டில் இருந்தேன். குழந்தை பார்க்க வந்த அத்தை, பெரியம்மா, எதிர்வீட்டு அக்கா எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு: "பால் பத்தல போலிருக்கே. புள்ள வயிறு காயுது பாரு."

இந்தக் கூத்து தொடங்கிய நாலாவது நாள் அப்பா மெடிக்கலில் பால் பவுடர் டப்பா வாங்கி வந்துவிட்டார். புட்டியில் 60 மில்லி. மடமடவென்று குடித்துவிட்டு மூன்று மணி நேரம் அசையாமல் தூங்கினான். "பாத்தியா, பசிதான்" என்றார் அம்மா. அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சை அடைத்துக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூட வக்கில்லாத உடம்பா இது என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

அன்றைக்கு ஒரு புட்டி. அடுத்த வாரம் மூன்று. ஒன்றரை மாதத்தில் எல்லாமே புட்டிதான். அதற்குள் எனக்குப் பால் நிஜமாகவே வற்றிவிட்டது.

ஐந்து வருடம் கழித்து என் தங்கைக்குப் பெண் பிறந்தபோது இதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். இரண்டையும் கூடவே இருந்து பார்த்துவிட்டதால் இதை எழுத உட்கார்ந்தேன். முதல் பிள்ளை பெற்றவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிற அம்மா, மாமியார், கணவன்மாரும் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

மார்பு ஒரு ஊற்று

ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இறைக்க இறைக்கத்தான் ஊறும். இறைக்காமல் விட்டால் மணல் மூடிப் போகும். தாய்ப்பாலும் அப்படித்தான். பிள்ளை சப்பும்போது அந்தத் தொடுகை மூளைக்குப் போகிறது. மூளை இரண்டு ஹார்மோன்களை அனுப்புகிறது. புரோலாக்டின் என்பது பாலை உண்டாக்குவது. ஆக்சிடோசின் என்பது உண்டான பாலைக் காம்பை நோக்கித் தள்ளுவது. புரோலாக்டின் ராத்திரியில் அதிகமாக இருக்கும். அதனால்தான் ராத்திரிப் பால் கொடுப்பதை விடாதீர்கள் என்று நர்சுகள் சொல்கிறார்கள். ஆக்சிடோசினோ மனசோடு ஒட்டியது. வலி, பயம், "உனக்குப் பாலே இல்ல" என்ற பேச்சு, இவையெல்லாம் அதைக் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்திவிடும். மார்பில் பால் இருக்கும், இறங்காது.

இன்னொன்றும் உண்டு. மார்பில் பால் தேங்கினால் "இனி வேண்டாம்" என்று மார்பே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். புட்டியில் 60 மில்லி குடித்த என் பிள்ளை அந்த வேளை மார்புக்கு வரவில்லை. எனக்கு 60 மில்லி தேங்கியது. உடம்பு அந்த 60-ஐக் கணக்கில் இருந்து கழித்துவிட்டது. மறுநாள் உண்மையிலேயே பற்றாக்குறை. உடனே இன்னொரு புட்டி. அன்று பத்தாமல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது, ஆனால் பத்தாமல் போகச் செய்தது இந்தக் கழித்தல் கணக்குதான்.

புட்டி குடித்ததும் தூங்கினானே, அது பசி இல்லாமலா? புட்டியில் பால் வேகமாக, விடாமல் இறங்கும். சின்னப் பிள்ளைக்கு வாயில் பால் விழுந்தால் விழுங்கத்தான் தெரியும், போதும் என்று சொல்லத் தெரியாது. பவுடர் பால் செரிக்க நேரமும் அதிகம் எடுக்கும். வயிறு தளும்பினால் யாராக இருந்தாலும் கண் சொருகும். மார்பு காலியாக இருந்தது என்பதற்கு அந்தத் தூக்கம் சாட்சி ஆகாது.

ஓயாமல் கேட்பது எப்போது சகஜம்

பிறந்த அன்று பிள்ளை ஒரு வேளைக்குக் குடிப்பது 2 முதல் 10 மில்லி, அதாவது மிஞ்சினால் இரண்டு டீஸ்பூன். முதல் இரண்டு மூன்று நாள் வருகிற மஞ்சளான சீம்பால் அளவில் அவ்வளவுதான் இருக்கும், அதுதான் தேவையும். பத்தாம் நாள் வாக்கில் ஒரு வேளைக்கு 45 முதல் 60 மில்லி வரை குடிக்கும். அப்போதும் தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடுவதால் ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை கேட்பது சாதாரணம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று கடிகாரம் பார்த்துக் குடிக்கிற பிள்ளை குறைவு.

சாயங்காலத்தில் கொத்துக் கொத்தாகக் குடிப்பதும் சகஜம். மாலையில் பால் கொஞ்சம் மெதுவாக வரும், பிள்ளைக்கும் பகல் முழுவதும் பார்த்த வெளிச்சம், சத்தம், மடி மாற்றம் எல்லாம் சேர்ந்து சிணுங்கல் ஏறும். அடிக்கடி குடித்து ராத்திரி நீளத் தூக்கத்துக்குத் தயார் ஆகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இது போக இரண்டு மூன்று வாரத்திலும், ஆறு வாரத்திலும், மூன்று மாதத்திலும் இரண்டு மூன்று நாளைக்குப் பிள்ளை மார்பை விடாது. வளர்ச்சி வேகம் எடுக்கிற சமயம் அது. அந்த நாட்களில் அடிக்கடி குடித்துத்தான் அது உங்கள் பாலைக் கூட்டிக்கொள்கிறது. என் மூத்தவனுக்குப் பதினெட்டாம் நாள் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த மூன்று நாளை யாராவது ஒருவர் கூட உட்கார்ந்து கடத்திவிட்டிருந்தால் போதும்.

ஆறு வாரம் ஆனதும் மார்பு முன்பு போலக் கனக்காது, மிருதுவாகிவிடும். பால் போய்விட்டது என்று அப்போதும் பயப்படுவார்கள். உடம்பு தேவைக்கேற்பப் பழகிக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான். பம்ப் வைத்துப் பார்த்து 30 மில்லிதான் வந்தது என்று கலங்குவார்கள். நன்றாகச் சப்புகிற பிள்ளை எடுக்கிற அளவைப் பம்ப் பல நேரம் எடுக்காது. கையைச் சூப்புவதும் எல்லா நேரமும் பசி அல்ல.

அழுகையை விடுங்கள், இவற்றைப் பாருங்கள்

சிறுநீர்தான் முதல் சாட்சி. முதல் நாள் ஒரு முறை, இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று என்று ஏறி, ஐந்தாம் நாளில் இருந்து 24 மணி நேரத்தில் ஆறு துணியாவது நன்றாக நனைய வேண்டும். நிறம் வெளிர். இரண்டாவது சாட்சி மலம். கருப்புப் பிசினாகப் போனது பச்சையாகி, நாலைந்து நாளில் கடுகு அரைத்த மாதிரி மஞ்சளாக, தினம் மூன்று நாலு முறை போக வேண்டும். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு சில பிள்ளைகள் பல நாளைக்கு ஒருமுறைதான் போகும், அது வேறு. முதல் வாரங்களில் மலம் போகாமல் இருந்தால் பால் உள்ளே போகிறதா என்று பார்க்க வேண்டும்.

டயப்பர் போட்டால் இந்தக் கணக்கு தப்பும். நல்ல டயப்பர் மூன்று தடவை போனதையும் உறிஞ்சிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கும். முதல் இரண்டு வாரம் பழைய வேட்டி கிழித்த துணிதான் நல்லது என்பேன். கை வலிக்கத் துவைக்க வேண்டியதுதான், ஆனால் எண்ண முடியும்.

மூன்றாவது சாட்சி, யாரும் மறுக்க முடியாத சாட்சி, தராசு. பிறந்த எடையில் இருந்து முதல் மூன்று நாலு நாளில் கொஞ்சம் குறைவது இயற்கை. 7 சதவீதத்தைத் தாண்டினால் கவனித்துப் பார்க்க வேண்டும், 10 சதவீதம் என்றால் உடனே மருத்துவர். மூன்று கிலோ பிள்ளைக்கு 10 சதவீதம் என்பது 300 கிராம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன் பிறகு முதல் மூன்று மாதம் தினம் 20 முதல் 30 கிராம் ஏறினால் உங்கள் பால் பத்துகிறது, யார் என்ன சொன்னாலும் சரி. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அங்கன்வாடியிலும் எடை போடலாம். ஒரே தராசில், துணி இல்லாமல் போடுங்கள். ஒரு தராசுக்கும் இன்னொன்றுக்கும் 100 கிராம் வித்தியாசம் வந்து ஒரு வீடே அழுததைப் பார்த்திருக்கிறேன்.

அழாத பிள்ளை

இப்போது தங்கை கதை. அவளுக்குச் சிசேரியன். நல்ல வெயில் காலம். என் கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் ஆதலால் வீட்டுக்குள் டப்பாவே வரக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தாள். பெண் குழந்தை, 3 கிலோ. மூன்றாம் நாளில் இருந்து குழந்தை அப்படி ஒரு அமைதி. மார்பில் போட்டால் நாலு சப்பு சப்பிவிட்டுத் தூங்கிவிடும். ஐந்து மணி நேரம் எழுந்திருக்காது. "என்ன சமத்து, அழவே தெரியல" என்று எல்லோரும் கொண்டாடினோம். நானும்தான்.

ஐந்தாம் நாள் காலை துணி மாற்றும்போது ஆரஞ்சு நிறத்தில் ஒரு கறை. செங்கல் பொடியைக் கரைத்து ஊற்றிய மாதிரி. முந்தின நாள் மதியத்தில் இருந்து அது இரண்டாவது துணிதான் என்பது அப்போதுதான் உறைத்தது. தூக்கினால் துவண்டது. உள்ளங்காலைச் சுண்டினால் முகத்தைச் சுளித்ததே தவிர அழவில்லை. உச்சிக்குழி லேசாக உள்ளே இறங்கியிருந்தது. ஓடினோம். எடை 2 கிலோ 580. அதாவது 14 சதவீதம் போயிருந்தது. உடம்பில் நீர் வற்றி ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது என்றார்கள். மூன்று நாள் உள்ளே வைத்து மெல்ல மெல்லச் சரிசெய்தார்கள்.

அழுகிற பிள்ளைக்குத் தெம்பு இருக்கிறது. பட்டினி முற்றிய பிள்ளை சக்தியை மிச்சம் பிடிக்கத் தூங்கும். என் வீட்டில் கத்தியவன் நன்றாக இருந்தான். தங்கை வீட்டில் சமத்தாக இருந்தவள்தான் ஆபத்தில் இருந்தாள். முதல் இரண்டு வாரத்தில் பிள்ளை தானாக எழாவிட்டால் மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது எழுப்பிப் பால் கொடுக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

எழுப்ப எழுப்ப எழாத துவட்சி, பால் குடிக்க மறுப்பது, நாலு நாளைக்குப் பிறகும் ஆரஞ்சுக் கறை, எட்டு மணி நேரமாகத் துணி நனையாதது, குழிந்த உச்சி, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கிய மஞ்சள், பச்சை வாந்தி, 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டோ அதற்கு மேலோ காய்ச்சல் அல்லது உடம்பு சில்லிட்டுப் போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

யாருக்குத் துணைப்பால் தேவை

தாய்ப்பாலோடு சேர்த்து வேறு வழியில் கொடுக்கிற பாலைத் துணைப்பால் என்று சொல்லலாம். எடை மிகக் குறைந்துபோன பிள்ளை, குறைமாதத்தில் பிறந்து சப்பத் தெம்பில்லாதது, ரத்தத்தில் சர்க்கரை இறங்கியது, பால் போதாமல் மஞ்சள் ஏறியது, இவற்றுக்குத் துணைப்பால் மருந்து மாதிரி. அம்மா பக்கத்திலும் காரணம் இருக்கலாம். பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு, நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கிவிடுவது, தைராய்டு குறைவு, முன்பு நடந்த மார்பு அறுவை, சிலருக்குப் பால் சுரப்பித் திசுவே குறைவாக அமைந்திருப்பது. இப்படிப்பட்ட பெண்கள் குறைவுதான், ஆனால் இருக்கிறார்கள். "மனசு வெச்சா எல்லாருக்கும் பால் வரும்" என்று அவர்களிடம் சொல்வது கொடுமை.

இந்தப் பட்டியலுக்குள் போவதற்கு முன்னால் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வேளை பால் கொடுப்பதை முழுசாகப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கோளாறு பாலில் இருக்காது, பிள்ளை பற்றுகிற விதத்தில் இருக்கும். காம்பை மட்டும் பற்றினால் அம்மாவுக்கு வலி, பிள்ளைக்குப் பால் வராது. வாய் அகலத் திறந்து, கருவட்டத்தின் கீழ்ப்பகுதி உள்ளே போய், கீழுதடு வெளியே மடங்கி, மோவாய் மார்பில் படிய வேண்டும். நன்றாகக் குடிக்கிற பிள்ளையின் தாடை ஆழமாக இறங்கி ஏறும், விழுங்குகிற சத்தம் 'க்கு... க்கு...' என்று கேட்கும். தூங்கி வழிந்தால் மார்பைக் கையால் மெல்ல அழுத்திக் கொடுத்தால் பால் பீறி மறுபடி குடிக்கும். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கம். நாக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். தங்கைக்குத் தையல் வலியில் நிமிர்ந்து உட்கார முடியாமல் பிள்ளை நுனியை மட்டும் சப்பிக்கொண்டிருந்தது என்பது ஒரு நர்சம்மா பத்து நிமிடம் பக்கத்தில் நின்றதும் தெரிந்துவிட்டது.

எந்தப் பால், எவ்வளவு

முதல் தேர்வு அம்மாவே பீய்ச்சி எடுத்த பால். சுத்தமான மூடிபோட்ட டப்பாவில் நம் ஊர்ச் சூட்டில் நாலு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காமல், ஃபிரிட்ஜின் கதவில் வைக்காமல் உள்தட்டில் வைத்தால் நாலு நாள் வரை தாங்கும். சூடுபடுத்த அடுப்பு வேண்டாம், வெந்நீரில் டப்பாவை நிறுத்தினால் போதும்.

அடுத்தது வேறொரு தாயின் பால், அதுவும் தாய்ப்பால் வங்கி வழியாக. 1989-இல் மும்பை சயன் மருத்துவமனையில் மருத்துவர் ஆர்மிடா ஃபெர்னாண்டஸ் தொடங்கியதுதான் இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி. இப்போது சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை உட்படத் தமிழ்நாட்டின் பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. கொடுக்கும் தாய்க்கு ரத்தப் பரிசோதனை செய்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் வைத்துக் கிருமி நீக்கிய பிறகே கொடுப்பார்கள். பெரும்பாலும் குறைமாதப் பிள்ளைகளுக்கும் தீவிர சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்குமே கிடைக்கும். தெரிந்தவர் ஒருவர் நேரடியாகப் பால் தருவது நல்ல மனசுதான், இருந்தாலும் பரிசோதனை இல்லாமல் வேண்டாம்.

மூன்றாவதுதான் பால் பவுடர். தேவைப்படும்போது அது பிள்ளையைக் காப்பாற்றுகிற உணவு. அதில் வெட்கம் எதற்கு?

அளவில்தான் எல்லோரும் தவறுகிறோம். முதல் 24 மணி நேரத்தில் ஒரு வேளைக்கு 2 முதல் 10 மில்லி. இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30, நாலாம் நாள் 30 முதல் 60. அந்த வாரம் தாண்டிய பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மொத்தம் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி என்று மருத்துவர்கள் கணக்குப் போடுவார்கள். மூன்று கிலோ பிள்ளைக்கு 450, எட்டு வேளைக்குப் பிரித்தால் ஒரு வேளைக்கு 55 சொச்சம். இது மார்பில் குடிப்பதையும் சேர்த்த மொத்தம் என்பதை மறந்துவிடக் கூடாது. குறைகிற பகுதி மட்டும்தான் துணைப்பால். தங்கைக்கு மார்பில் கொடுத்த பிறகு வேளைக்கு 30 மில்லி என்று எழுதிக் கொடுத்தார்கள். உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்பதை எடை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பாலாடை

எப்படிக் கொடுப்பது என்று கேட்டதும் எல்லோர் கையும் புட்டிக்குப் போகும். நம் வீட்டுப் பரணில் அதைவிட நல்லது ஒன்று கிடக்கிறது. பாலாடை. தோணி மாதிரி ஒரு சின்னக் கிண்ணம், ஒரு பக்கம் மூக்கு நீண்டிருக்கும். குறைமாதப் பிள்ளைகளுக்கு இதில் பால் கொடுப்பது பற்றி வந்த ஆங்கில மருத்துவக் கட்டுரைகளிலும் இதன் பெயர் 'பாலாடை' என்றேதான் இருக்கிறது. எனக்கு அதைக் கேட்டபோது நிஜமாகவே பெருமையாக இருந்தது. புட்டிக் காம்பு மாதிரி பிள்ளையைக் குழப்பாது, இடுக்கு இல்லாததால் சுத்தம் செய்வதும் சுலபம்.

பிள்ளையைத் துணியில் சுற்றி, தலையைத் தாங்கி, முக்கால்வாசி நிமிர்த்தி உட்கார வையுங்கள். பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவு மட்டும் சாய்க்க வேண்டும். பிள்ளை நாக்கை நீட்டி நக்கும், பிறகு உறிஞ்சும். விழுங்கின பிறகே அடுத்த சாய்ப்பு. கொட்டிவிடக் கூடாது. காலை நீட்டி அதில் மல்லாக்கப் போட்டு, சங்கில் ஊற்றிப் புகட்டுகிற பழைய வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். 30 மில்லி கொடுக்கத் தங்கைக்கு முதல் நாள் அரை மணி நேரம் ஆனது, பாதி கழுத்துத் துணியில். நாலாம் நாள் பத்து நிமிடத்தில் முடித்தாள். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவி, பத்து நிமிடம் தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுக்க வேண்டும்.

பிள்ளை மார்பைப் பற்றத் தயார், பால் மட்டும் குறைவு என்றால் இன்னொரு வழி உண்டு. மெல்லிய குழாயை மார்பில் ஒட்டி, அதன் நுனி காம்போடு சேர்ந்து பிள்ளையின் வாய்க்குள் போகும்படியும் மறுமுனை பால் கிண்ணத்தில் இருக்கும்படியும் வைப்பார்கள். பிள்ளை மார்பைச் சப்பச் சப்பக் கிண்ணத்துப் பாலும் வரும், மார்பும் தூண்டப்படும். ஒருவர் கூட இருந்து பழக்கிக் கொடுக்க வேண்டிய முறை இது.

பவுடர் கலக்கும்போது

டப்பாவுக்குள் இருக்கும் பவுடர் கிருமி நீக்கப்பட்டது இல்லை. அதனால் கொதிக்கவைத்த தண்ணீர் முழுசாக ஆறுவதற்கு முன், 70 டிகிரி செல்சியஸுக்குக் குறையாமல் இருக்கும்போதே கலக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். கொதித்து இறக்கி அரை மணி நேரத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீரை அளந்து ஊற்றி, பிறகு பவுடர். நம் ஊர் டப்பாக்கள் பெரும்பாலானவற்றில் 30 மில்லிக்கு ஒரு அளவுக் கரண்டி, தலைதட்டி. கலந்ததைக் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி ஆறவைத்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுக்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்காத பாலையும், பிள்ளை குடித்து மிச்சம் வைத்ததையும் கீழே ஊற்றிவிடுங்கள். டப்பா விலை அதிகம் என்று ஒரு கரண்டியைக் குறைத்து நீர்க்கக் கலக்கினால் வயிறு நிறையும், எடை ஏறாது, ரத்தத்தில் உப்பு இறங்கி வலிப்புக்கூட வரலாம். கெட்டியாகக் கலப்பதும் ஆபத்து.

ஆறு மாதம் வரை தண்ணீர் வேண்டாம், கத்திரி வெயிலிலும் வேண்டாம். சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் இரண்டும் வயிற்றில் இடத்தை அடைக்குமே தவிர எடை தராது. தேனை ஒரு வயது வரை நாக்கில் தொட்டு வைக்கக்கூடக் கூடாது. பசும்பாலும் ஒரு வயது வரை தாய்ப்பாலுக்கு மாற்று ஆகாது. தெருவில் ஓட்டிவருகிறார்களே கழுதைப்பால், அதைச் சங்கில் வாங்கிப் புகட்டிவிட்டுக் கிருமியோடு ஆஸ்பத்திரிக்கு அலையாதீர்கள். தாத்தா பாட்டி மனசு புண்படாமல் இதைச் சொல்வது கஷ்டம்தான். "டாக்டர் கண்டிப்பா வேணாம்னுட்டாரு பாட்டி" என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள், அதுவே சுலபமான வழி.

மெடிக்கலில் டப்பாவை வாங்கினால் அதில் குழந்தைப் படம் இருக்காது, தாய்ப்பாலே சிறந்தது என்ற வாசகம் இருக்கும். 1992-இல் வந்து 2003-இல் இறுக்கப்பட்ட சட்டத்தின் வேலை அது. பவுடர் பாலுக்கு விளம்பரமும் இலவச மாதிரியும் கூடாது என்கிறது அந்தச் சட்டம். யாராவது "ஃப்ரீ" என்று டப்பா நீட்டினால் வாங்காதீர்கள்.

ஊற்றை மூடவிடாமல்

துணைப்பால் கொடுக்கிற ஒவ்வொரு வேளையும் மார்பை இறைக்க வேண்டும். நான் செய்யத் தவறியது இது. முதலில் மார்பில் போடுங்கள். பிறகு அளந்த துணைப்பால், அதை அப்பாவோ பாட்டியோ கொடுக்கட்டும். அந்த நேரத்தில் அம்மா இரண்டு பக்கமும் பத்துப் பதினைந்து நிமிடம் கையாலோ பம்பாலோ பீய்ச்ச வேண்டும். வந்தது அடுத்த வேளைக்கு முதல் பங்கு, மீதிக்குத்தான் பவுடர். முழுச் சுற்றையும் ஒரு மணி நேரத்துக்குள் முடிக்கப் பாருங்கள், இல்லாவிட்டால் அம்மா தூங்கவே முடியாது. இது ஒரு மனுஷியை உலுக்கிப் போடுகிற வேலை. வீட்டில் இருப்பவர்கள் சமையல், துவையல், மூத்த பிள்ளை, வந்துபோகிற விருந்தாளி எல்லாவற்றையும் அவள் கையில் இருந்து எடுத்துவிட வேண்டும்.

பூண்டு, வெந்தயம், முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டு எல்லாம் சாப்பிடுங்கள், பிடித்தால். பிள்ளை பெற்ற உடம்புக்கு நல்ல சாப்பாடு அது. ஆனால் இறைக்காத மார்பில் பூண்டு மட்டும் பாலை ஊறவைத்துவிடாது. பத்தியம் என்று தண்ணீரையும் காயையும் குறைப்பது மட்டும் கூடவே கூடாது. தாகத்துக்குக் குடியுங்கள். பால் சுரக்க மாத்திரை வேண்டுமா என்பது மருத்துவர் முடிவு, மெடிக்கலில் கேட்டு வாங்குகிற விஷயம் இல்லை.

தங்கையின் சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர் தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு, ஈரத்துணிக்கு ஒரு புள்ளி, துணைப்பால் எத்தனை மில்லி என்று பக்கத்தில். பதினைந்தாம் நாள் குழந்தை 2 கிலோ 960. பிறந்த எடைக்கு இன்னும் 40 கிராம்தான். அதன் பிறகு அடுத்த வாரத்தில் 200 கிராம் ஏறியதும், குறைக்கலாம் என்றார் மருத்துவர். சட்டென்று நிறுத்தவில்லை. பால் நன்றாக ஊறுகிற விடியற்கால வேளையில் முதலில் 30-ஐ 20 ஆக்கினாள். மூன்று நாள் துணியை எண்ணினாள், எடை போட்டாள், இறங்கவில்லை. அடுத்து காலை வேளை. பவுடர் முழுசாகப் போய், பீய்ச்சிய பால் மட்டும் தங்கியது. மாலை ஏழு மணி வேளைதான் கடைசி வரை அடம்பிடித்தது.

ஏழாவது வாரம் ஒரு சாயங்காலம் போனேன். குழந்தை ஆறு மணியில் இருந்து ஓயாமல் குடித்துக்கொண்டும் கத்திக்கொண்டும் இருந்தது. அம்மா வாசலில் இருந்தே "பத்தலையோ என்னவோடி" என்று ஆரம்பித்தார். தங்கை பிள்ளையை மறுபக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு சுவரைக் காட்டினாள். தாளில் அன்றைக்கு எட்டுப் புள்ளி இருந்தது.